கண்ணைத் துடைக்காதீர்கள், கத்தியைத் தீட்டுங்கள்

கேள்வி:

டாக்டர், எங்கள் வீடு கடலூர் முதுநகரில். நானும் மாமியாரும் வருஷா வருஷம் சித்திரை, வைகாசியில் தாளிப்பு வடகம் போட்டு விற்கிறோம். அதற்குச் சின்ன வெங்காயம் கிலோ கிலோவாக அரிய வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே கண் எரிந்து தண்ணீர் கொட்டி, கத்தி எங்கே இருக்கிறதென்றே தெரிவதில்லை. போன வருஷம் விரலை அறுத்துக்கொண்டேன். ராத்திரி வரை கண் சிவந்தே கிடக்கிறது. வாயில் ரொட்டித் துண்டைக் கவ்விக்கொள், பக்கத்தில் விளக்கேற்றி வை, ஃபிரிட்ஜில் வைத்து எடு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "அழுதா நல்லதுதான்டி, கண்ணுல இருக்கிற அழுக்கெல்லாம் போயிடும்" என்கிறார் மாமியார். என் நாத்தனார் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவள். அவளுக்கு மட்டும் ஒரு சொட்டு வராது, அது எப்படி? இப்படி வருஷக்கணக்கில் அரிந்துகொண்டிருந்தால் பார்வை போய்விடுமா? மாமியாருக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்து மூன்று வாரம் ஆகிறது. சும்மா உட்கார முடியவில்லை, நானும் உரிக்கிறேன் என்கிறார். விடலாமா?

- ஒரு வாசகி, கடலூர்

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதைத்தான் தள்ளிப்போட முடியாது. மாமியாரை இந்த சீசனில் வெங்காயத்துக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் என்றால் சொட்டு மருந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம் வரை போடச் சொல்வோம். வெங்காயத்தின் ஆவி உள்ளே வைத்த லென்ஸை ஒன்றும் செய்யாது. எனக்குப் பயம் கையைப் பற்றித்தான். கண் எரிந்தால் யாருக்கும் கை தானாகக் கண்ணுக்குப் போகும், எத்தனை முறை சொன்னாலும் போகும். ஆறிக்கொண்டிருக்கிற தையலில்லாத வெட்டுவாயைக் கசக்கினால் அது பிரிந்துகொள்ளலாம். வெங்காயத் தோலில் ஒட்டிய மண்ணும் அதில் இருக்கிற கிருமியும் உள்ளே போகலாம். புரை ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள் கிருமி போனால் பார்வையையே பறித்துவிடும். அந்த அபாயத்தை ஒரு வடகத்துக்காக எடுக்க வேண்டியதில்லை.

சும்மா உட்கார மாட்டேன் என்பவருக்கு வடகத்தில் வேலைக்கா பஞ்சம்? கறிவேப்பிலை உருவட்டும், வெந்தயமும் சீரகமும் தட்டில் பரப்பிக் கல் பார்க்கட்டும். உளுந்து புடைக்க வேண்டாம், அந்தத் தூசு ஆகாது. பூண்டும் உரிக்க வேண்டாம், பூண்டுக் கை கண்ணில் பட்டாலும் எரியும். ஆஸ்பத்திரியில் கொடுத்த கருப்புக் கண்ணாடியை வெயிலில் இருக்கும்போது கழற்ற வேண்டாம். கடைசிப் பரிசோதனையில் டாக்டர் சரி என்று சொன்ன பிறகு அடுத்த வருஷ வடகத்துக்கு அவரே தலைமை தாங்கலாம்.

இனி உங்கள் கண். பார்வை போகாது. இதை உறுதியாகவே சொல்கிறேன். சமையலறையில் வெங்காயம் அரிந்து வருகிற எரிச்சல் கருவிழியில் தழும்பு உண்டாக்குவதில்லை, நிரந்தரச் சேதம் எதுவும் செய்வதில்லை. வெங்காய ஆவி கண்ணில் கந்தக அமிலமாகிக் கருவிழியைத் தின்றுவிடும் என்று கைபேசியில் சுற்றுகிற செய்தி உங்களுக்கும் வந்திருக்கலாம். கண்ணை அடைகிற ஆவியின் அளவு மிகமிகச் சிறிது. அதற்குள் கண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

நடப்பது இதுதான். வெங்காயச் செடி மண்ணிலிருந்து கந்தகத்தை உறிஞ்சித் தன் கிழங்கில் சேர்த்து வைக்கிறது. அந்தக் கந்தகச் சேர்மம் ஓர் அறையிலும், அதை உடைக்கிற நொதி வேறோர் அறையிலுமாக ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தனித்தனியே இருக்கின்றன. முழு வெங்காயத்தை முகர்ந்தால் கண் எரியாததற்கு அதுவே காரணம். கத்தி படும்போது செல் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அடுத்து இன்னொரு நொதி வந்து, அந்தக் கலவையிலிருந்து சட்டென்று ஆவியாகிற ஒரு பொருளை உண்டாக்குகிறது. சின்-புரொப்பேன்தயால்-எஸ்-ஆக்சைடு என்று அதற்கு நீளமான பெயர். அந்த இரண்டாவது நொதி இருப்பதே வெகுகாலம் தெரியாமல் இருந்தது. ஜப்பானில் ஹவுஸ் ஃபுட்ஸ் என்ற மசாலா நிறுவனத்தின் ஆய்வாளர்கள்தான் 2002-ல் அதைக் கண்டுபிடித்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பூண்டில் இந்த நொதி கிடையாது. அதனால்தான் எத்தனை பல் நசுக்கினாலும் பூண்டு அழ வைப்பதில்லை, வாசனையோடு நின்றுவிடுகிறது.

அந்த ஆவி முகத்துக்கு வந்து கருவிழியில் படுகிறது. உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கிற இடங்களில் ஒன்று கருவிழி. ஒரு தூசு பட்டால்கூட அது கூப்பாடு போடும். அந்தக் கூப்பாடு மூளைக்குப் போக, மேல் இமைக்குள் வெளிப்புற மூலையில் இருக்கிற கண்ணீர்ச் சுரப்பி மடையைத் திறந்துவிடுகிறது. வழிந்தது போக மீதித் தண்ணீர், மூக்கோரத்து இமை விளிம்பில் இருக்கும் இரண்டு ஊசித்துளைகள் வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. வெங்காயம் அரியும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவது அதனால்தான்.

உங்கள் மாமியார் சொன்னதில் பாதி சரி. அந்தத் தண்ணீர் கண்ணைக் கழுவத்தான் வருகிறது. ஆனால் அது கழுவுவது வெங்காய ஆவியை மட்டுமே. கண்ணில் பழைய அழுக்கு என்று எதுவும் சேர்ந்து கிடப்பதில்லை. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் சாதாரணக் கண்ணீர் அந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. கண்ணுக்கு நல்லது என்று இதை வலிந்து வரவழைக்க வேண்டாம். இதே நம்பிக்கையின் தொடர்ச்சியாகச் சிலர் சின்ன வெங்காயச் சாற்றையே கண்ணில் விடுகிறார்கள். தேன், விளக்கெண்ணெய், தாய்ப்பால் விடுகிறவர்களும் உண்டு. கருவிழிப் புண்ணோடு எங்களிடம் வருகிறவர்களில் இப்படிக் கைவைத்தியம் பார்த்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். தயவுசெய்து எதையும் விடாதீர்கள். வடகம் பிசைய விளக்கெண்ணெய்க் கிண்ணம் பக்கத்திலேயே இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

நாத்தனாருக்குக் கண்ணீர் வராத காரணம் இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். கான்டாக்ட் லென்ஸ் கருவிழியை மூடியிருக்கிறது, ஆவி நரம்பில் நேராகப் படுவதில்லை. அதற்காக வெங்காயம் அரிய யாரும் லென்ஸ் போட வேண்டாம். அவரிடமும் ஒன்று சொல்லுங்கள்: வெங்காயம் அரிந்த கையோடு லென்ஸைத் தொடக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியில் துடைத்த பிறகுதான் கழற்ற வேண்டும்.

வாயில் ரொட்டி, பல்லிடுக்கில் தீக்குச்சி, நாக்கில் கரண்டி எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். எரிவது கண்ணில், வாயில் என்ன இருந்தால் என்ன? பக்கத்தில் விளக்கேற்றுவதாலும் பெரிய பலன் இல்லை, முந்தானை தீப்பிடிக்கிற பயம்தான் மிச்சம். தண்ணீர் வழிகிற கண்ணோடு இருக்கும்போது பக்கத்தில் தீ வேண்டவே வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்தால் நொதி கொஞ்சம் மந்தமாகும், ஆவியாவதும் குறையும் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வெங்காயத்தை வெட்டும்போது தெறிக்கிற துளிகளைப் படம் பிடித்து ஆராய்ந்து 2025-ல் வெளியிட்டார்கள். அதில் குளிர வைத்த வெங்காயம் கூடுதலாகத்தான் தெறித்தது. எப்படியும் ஒரு மூட்டை வெங்காயத்துக்கு உங்கள் ஃபிரிட்ஜில் இடம் இருக்காது.

அதே ஆய்வில் உங்களுக்கு உண்மையிலேயே பயன்படுகிற செய்தி ஒன்று இருக்கிறது. மழுங்கிய கத்தி உடனே உள்ளே இறங்காது. வெங்காயத்தின் மேலடுக்கு அதைத் தாங்கிப் பிடிக்கும், உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் மேலடுக்கு கிழியும்போது சாறு பொடித்துளிகளாக மேலே பீய்ச்சி அடிக்கும். கூரான கத்தியில் இது மிகவும் குறைவு. நிதானமாக வெட்டினால் இன்னும் குறைவு. சீக்கிரம் முடித்துவிடலாம் என்று மழுங்கிய கத்தியால் அவசர அவசரமாக வெட்டுவதைப் போலக் கண்ணுக்குக் கெடுதல் வேறில்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு வெங்காயத்தை இப்போது இருக்கிற கத்தியால் வெட்டி, வெட்டிய முகத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். பால் மாதிரி கலங்கிய ஈரம் அடுக்கு விளிம்புகளில் கசிந்து நிற்கும், அடுக்குகள் லேசாக நசுங்கி ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருக்கும். அதே கத்தியைச் சாணை பிடித்துக்கொண்டு வந்து இன்னொன்றை வெட்டிப் பாருங்கள். முகம் வழவழவென்று பளபளக்கும், ஈரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் மெல்ல ஊறும். முதல் வெங்காயத்தில் நீங்கள் பார்த்த அந்தப் பால்தான் உங்கள் கண்ணை எரித்தது.

நீங்கள் அரிவாள்மணையில் அரிகிறவர் என்றால் இன்னும் இரண்டு விஷயம். சாணைக்காரர் தெருவுக்கு வந்தால் கத்தியையும் கத்தரிக்கோலையும் எடுத்துக் கொடுக்கிறோம், அரிவாள்மணையைக் கொடுப்பதில்லை. பல வீடுகளில் அது வாங்கிய நாளிலிருந்து தீட்டப்படாமலே இருக்கிறது. வடகம் போடுகிற வாரத்துக்கு முன்னால் அதையும் தீட்டச் சொல்லுங்கள். ஹார்டுவேர் கடையில் ஒரு சாணைக்கல் வாங்கி வைத்துக்கொண்டு, அரிந்துகொண்டிருக்கும்போதே இடையிடையே கத்தியை நாலு இழுப்பு இழுத்துக்கொள்வது அதைவிட நல்லது. பழுத்த தக்காளியின் மேல் அழுத்தாமல் வைத்து இழுத்தால் தோல் அறுபட வேண்டும். அதுதான் கூருக்கு அளவு. இரண்டாவது, அரிவாள்மணையில் உட்கார்ந்து குனியும்போது முகம் வெங்காயத்துக்கு நேர் மேலே, மிகக் கிட்டத்தில் வந்துவிடுகிறது. உடம்புச் சூட்டில் மேலே எழும்புகிற காற்று ஆவியை நேராக முகத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். மேசையில் பலகை வைத்து நின்றுகொண்டு அரிந்தால் முகம் விலகியிருக்கும், முதுகுக்கும் நல்லது. பழக்கமில்லாத கையாக இருந்தால் முதலில் ஒரு கிலோ அரிந்து பழகிக்கொள்ளுங்கள். வேகம் இரண்டாம் நாள் வந்துவிடும்.

கத்திக்கு அடுத்தது காற்று. இதில் உங்கள் ஊர் உங்களுக்கு உதவும். வீட்டுக்குள் ஜன்னலை மூடிக்கொண்டு அரிவதுதான் மிக மோசம். பின்கட்டிலோ மொட்டை மாடியில் நிழலிலோ உட்காருங்கள். கோடையில் நம் கரையோரத்தில் காலைக் காற்று மேற்கிலிருந்து வரும், நண்பகலை ஒட்டிக் கடல்காற்று கிழக்கிலிருந்து ஏறும். இரண்டுக்கும் பொதுவாக வடக்கு முகமாகவோ தெற்கு முகமாகவோ உட்கார்ந்தால் காற்று உங்களுக்குக் குறுக்காகப் போகும், ஆவியைப் பக்கவாட்டில் அள்ளிக்கொண்டு போய்விடும். காற்று முகத்துக்கு எதிரே வந்தால் ஆவி உங்கள் மேலேயே வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தால் நல்லது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதுகில் மோதுகிற காற்று உடம்பைச் சுற்றி வந்து நெஞ்சுக்கு முன்னால் சுழலும், அந்தச் சுழலில் ஆவி மேலேறி முகத்தைத் தொடும். அதனால் குறுக்குக் காற்றே வேண்டும். காற்றே இல்லாத புழுக்கமான நாளில் ஒரு டேபிள் ஃபேனைப் பலகைக்குப் பக்கவாட்டில், பலகை உயரத்துக்கே வையுங்கள். ஃபேன் முகத்தில் அடிக்கக் கூடாது, அது கண்ணை உலர்த்தி எரிச்சலைக் கூட்டும்.

அரிந்ததை மடிக்குப் பக்கத்தில் குவித்து வைத்துக்கொள்ளாதீர்கள். வெட்டிய அரை நிமிடத்தில்தான் ஆவி உச்சத்தில் இருக்கும், ஐந்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். கொஞ்சம் அரிந்ததும் ஓர் அகலப் பாத்திரத்தில் போட்டு, மூடி, காற்று போகிற பக்கமாகத் தள்ளி வையுங்கள். இருவர் அரிகிறீர்கள் என்றால் ஒருவருக்குக் காற்று வாக்கில் இன்னொருவர் உட்காராதீர்கள்.

தோல் உரிக்கத் தண்ணீரில் ஊறப்போடுவது நல்ல வழக்கம், தொடருங்கள். ஆவி தண்ணீரில் கரையும், தோலும் சுலபமாகக் கழலும். ஆனால் வடகத்துக்கு ஈரம் ஆகாது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். உரித்ததைத் துணியில் பரப்பி நிழலில் உலரவிட்டு அரியுங்கள். தண்ணீருக்குள் வைத்தே அரிவது வீட்டுச் சாம்பாருக்குச் சரிப்படும், காய வைக்கிற வடகத்துக்குச் சரிப்படாது. ஈரக் கைக்குக் கத்தியும் வழுக்கும்.

மிக்ஸியில் விட்டுவிட்டு ஒரு சுற்று சுற்றி எடுக்கிறவர்களும் உண்டு. கூழாகாமல் பார்த்துக்கொண்டால் கண்ணுக்கு அது சுலபமான வழி, ஏனென்றால் ஆவி ஜாருக்குள்ளேயே நின்றுவிடும். மூடியைத் திறக்கும்போதுதான் மொத்தமாக வெளியே வரும். ஜாரைப் பின்கட்டுக்கு எடுத்துப்போய், கையை நீட்டிப் பிடித்து, வாயை அந்தப் பக்கம் திருப்பித் திறந்து வைத்துவிட்டு ஐந்து நிமிடம் நகர்ந்துவிடுங்கள்.

இத்தனையும் செய்து இன்னும் எரிகிறது என்றால் நான் தயங்காமல் சொல்வது கண்ணைச் சுற்றி ரப்பர் விளிம்பு படிகிற கண்ணாடியைத்தான். நீச்சல் கண்ணாடி போதும், பட்டறைகளில் போடுகிற மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும் போதும். படிக்கிற கண்ணாடி தெறிக்கிற துளியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. பக்கத்து வீட்டார் பார்த்துச் சிரிப்பார்கள் என்று கூச்சப்படாதீர்கள். நீங்கள் செய்வது தொழில். வெல்டிங் அடிக்கிறவர் கண்ணாடி போட்டுக்கொள்கிறார், அதைப் போலத்தான் இதுவும். கண் தெளிவாகத் தெரிந்தால் விரலும் தப்பிக்கும்.

அழ வைக்காத வெங்காயமே கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அதே ஜப்பான் நிறுவனம் 2015-ல் அப்படி ஒரு ரகத்தை அறிவித்தது. ஆனால் அதில் காரமும் இல்லை. கண்ணை எரிக்கிற கந்தகம்தான், வெயிலில் காய்ந்து மீன் குழம்பில் விழும்போது தெருவையே தூக்குகிற வடக வாசனைக்கும் மூலம். புதுச்சேரி வடகம் பிரான்ஸ் சமையல்கட்டு வரை போனது அந்த வாசனைக்காகத்தான். அதனால் காரமான நாட்டு வெங்காயத்தையே வாங்குங்கள்.

ஒன்று என்னை யோசிக்க வைத்தது. ராத்திரி வரை சிவந்தே கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வெங்காயத்தை விட்டு எழுந்து காற்றாட நின்றால் அரை மணி நேரத்தில் எரிச்சல் அடங்கிவிட வேண்டும். ராத்திரி வரை நீடிக்கிறதென்றால் பெரும்பாலும் துடைப்பதுதான் காரணம். முந்தானையில் சாறு ஊறியிருக்கும், அதையே எடுத்துத் துடைத்தால் ஆவியாக வந்ததைச் சாறாகவே கண்ணில் தேய்க்கிறீர்கள். கண்ணீர் வழிந்தால் வழியட்டும். தாங்க முடியவில்லையென்றால் எழுந்து, முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கண்ணை மூடியபடி முகத்தில் நல்ல தண்ணீர் அடித்து, தோளில் தனியாகப் போட்டிருக்கிற சுத்தமான துண்டால் கன்னத்தை மட்டும் ஒற்றிக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர், பன்னீர் எதுவும் வேண்டாம். மருந்துக் கடையில் சிவப்புக்குச் சொட்டு மருந்து கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் போடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். டாக்டர் பார்க்காமல் அதைத் தொடர்ந்து போட்டால் கண்ணில் அழுத்தம் ஏறும், புரையும் சீக்கிரம் வரும். வெங்காயம் செய்யாத கெடுதலை அது செய்துவிடும்.

துடைப்பதை நிறுத்தியும் சிவப்பு நீடித்தால் கண் உலர்ந்துபோகிற கோளாறு இருக்கலாம். மாதவிடாய் நிற்கிற வயதை நெருங்கும்போதும், சர்க்கரை, தைராய்டு, மூட்டுவாதம் இருந்தாலும் அது வரும். அப்படிப்பட்ட கண் வெங்காயத்துக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக எரியும். எளிய பரிசோதனைதான், ஈரம் தருகிற சொட்டு மருந்திலேயே பலருக்குச் சரியாகிவிடும். மாமியாரை அடுத்த முறை பரிசோதனைக்குக் கூட்டிப் போகும்போது நீங்களும் ஒரு சீட்டுப் போட்டுக் காட்டிவிடுங்கள்.

அதுவரை காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. வெளிச்சம் பார்க்கவே முடியாமல் கூசினால், பார்வை மங்கினால், சீழ் கட்டினால், ஒரே கண்ணில் மட்டும் வலி விடாமல் இருந்தால் அன்றைக்கே போங்கள். கத்தி முனையோ அரிவாள்மணையோ கண்ணில் பட்டுவிட்டால் கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள், எதையும் விடாதீர்கள். ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணின் மேல் படாமல் கவிழ்த்துப் பிடித்தபடி உடனே கிளம்புங்கள். மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது, புதுச்சேரி சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. எங்கே சீக்கிரம் போய்ச் சேர முடியுமோ அங்கே போங்கள்.